வாங்குவதற்கு முன் நிறுத்துங்கள்: தோலின் நுண்ணுயிர்களைக் கெடுக்காத பராமரிப்பு

குளித்துவிட்டு வந்ததும் முகம் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால், 'அழுக்கெல்லாம் போயாச்சு' என்று பலருக்கும் ஒரு திருப்தி. அந்த இழுப்பு சுத்தத்தின் அடையாளம் அல்ல. தோலின் மேலிருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலமும் லேசான அமிலத்தன்மையும் அழுக்கோடு சேர்ந்து கழுவப்பட்டுவிட்டன என்பதற்கான முதல் எச்சரிக்கை. தோலில் காலகாலமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்களும் வாழ்வது அந்த எண்ணெயையும் அமிலத்தையும் நம்பித்தான்.

இப்போது கடைகளில் 'மைக்ரோபயோம்' (தோலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம்), 'ப்ரீபயாட்டிக்' (அவற்றுக்கான உணவு), 'ப்ரோபயாட்டிக்' (உயிருள்ள நல்ல பாக்டீரியா) என்று அச்சிட்ட சீசாக்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை வாங்கலாமா என்ற கேள்விக்குப் பிறகு வருவோம். முதலில் செய்ய வேண்டியது, இப்போது செய்துகொண்டிருப்பதில் சிலவற்றை நிறுத்துவது. தேவைப்படுபவை நான்கே: அமிலமா காரமா என்று அளந்து காட்டும் பிஎச் தாள் ஒரு கட்டு, மென்மையான ஒரு கிளென்சர், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன். கூடவே நான்கு முதல் ஆறு வாரப் பொறுமை. தோலின் மேலடுக்கு முழுதாகப் புதுப்பிக்க ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். மூன்றே நாளில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று அடுத்த பொருளுக்குத் தாவுபவர்களுக்கு எந்த முறையும் வேலை செய்யாது.

யார் எங்கே குடியிருக்கிறார்கள்

2009-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையங்களைச் சேர்ந்த எலிசபெத் கிரைஸ், ஜூலியா சேக்ரே உள்ளிட்ட குழுவினர் ஆரோக்கியமான 10 பேரின் உடலில் 20 இடங்களிலிருந்து மாதிரி எடுத்து, அங்குள்ள பாக்டீரியாக்களை மரபணு வழியே அடையாளம் கண்டார்கள். தோல் ஒரே ஊர் அல்ல, எண்ணெய்ப் பகுதி, ஈரப் பகுதி, வறண்ட பகுதி என்று தனித்தனி நிலங்கள் என்பது அதில் தெளிவாயிற்று. நெற்றி, மூக்கோரம், முதுகு எண்ணெய் நிலம். அக்குள், முழங்கை மடிப்பு, கால்விரல் இடுக்கு ஈர நிலம். முன்கை வறண்ட நிலம். அக்குளும் முன்கையும் ஒரு சாண் தூரத்தில் இருந்தாலும் குடியிருப்பவர்கள் வேறு. அதனால் தலை முதல் கால் வரை ஒரே சோப்பு, ஒரே எண்ணெய் என்பது வசதிக்கான ஏற்பாடு. தோலின் தேவைக்கானது அல்ல.

மூன்று பெயர்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். எண்ணெய் நிலத்தின் முக்கியக் குடிவாசி கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ். 2016 வரை இதன் பெயர் ப்ரோப்பியோனிபாக்டீரியம். பருவுக்குக் காரணம் என்று பழி சுமந்தாலும், பருவே வராத முகங்களிலும் இது நிறைய இருக்கிறது. தோலின் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கி, தோலை அமிலமாக வைப்பதில் இதற்குப் பங்குண்டு. இரண்டாவது ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். தன் உறவுக்கார முரடனான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இடம் பிடிக்காமல் தடுப்பவற்றில் இதுவும் ஒன்று. கரப்பான் என்று நாம் சொல்லும் எக்சிமா கிளம்பும்போது தோலில் பெருகுவது அந்த ஆரியஸ்தான். மூன்றாவது மலசீசியா என்ற ஈஸ்ட். தனக்குத் தேவையான கொழுப்பைத் தானே தயாரிக்கத் தெரியாத, முழுக்க எண்ணெயை நம்பிய உயிர். பொடுகு, தேமல், நெற்றியிலும் முதுகிலும் வரும் அரிக்கும் குருக்கள் எல்லாவற்றிலும் இதன் கை இருக்கிறது. எண்ணெய் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

முதல் படி: உங்கள் சோப்பைச் சோதியுங்கள்

ஆரோக்கியமான தோலின் பிஎச் பெரும்பாலும் 4.5-க்கும் 5.5-க்கும் இடையில். சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் 9 முதல் 10. எண்களைப் பார்த்தால் இரட்டிப்பு போலத் தோன்றும். ஆனால் பிஎச் அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. 5-க்கும் 9-க்கும் வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு. ஒருமுறை சோப்பு போட்டால் தோல் பழைய அமில நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் பிடிக்கும். நாளைக்கு மூன்று முறை போட்டால் திரும்ப நேரமே இல்லை. காரம் கூடிய தோல் ஆரியஸுக்குச் சாதகம், எபிடெர்மிடிஸுக்கு அவ்வளவாக இல்லை. தோலின் கொழுப்பை உருவாக்கும் நொதிகளும் அமிலத்தில்தான் சரியாக வேலை செய்யும்.

சோதிப்பது எளிது. 1 முதல் 14 வரை காட்டும் பிஎச் தாளை வாங்குங்கள். மீன்தொட்டிக்கென்று விற்கும் தாள் சில நேரம் 6 முதல் 8 வரை மட்டுமே காட்டும், அது உதவாது. கட்டி சோப்பை 1 கிராம் சீவி 10 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். திரவமானால் 1 மில்லிக்கு 9 மில்லி நீர். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் தண்ணீரின் காரமும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். தாளை நனைத்து, அதன் அட்டையில் சொன்ன நொடிகளுக்குள் நிறத்தைப் பாருங்கள். கரும்பச்சை, கருஞ்சிவப்புச் சோப்புகள் தாளிலேயே சாயம் ஏற்றும். அவற்றின் அளவை நம்ப வேண்டாம்.

5 முதல் 6 வரை வந்தால் நல்லது. 7 பக்கம் என்றால் சமாளிக்கலாம். 9, 10 என்றால் முகத்துக்கு வேண்டாம், உடலிலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

தாள் கிடைக்காதவர்கள் உறையின் பின்புறம் படிக்கலாம். சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் டேலோவேட், சோடியம் கோகோவேட் என்று பட்டியல் தொடங்கினால் அது சோப்பு, காரம். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் முதலில் இருந்தால் அது சிண்டெட் எனப்படும் சோப்பில்லாத கட்டி. இரண்டும் கலந்தவையும் உண்டு. அவற்றின் பிஎச், சோப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து 7 முதல் 10 வரை மாறும். திரவங்களில் கோகாமிடோப்ரொப்பைல் பீட்டெயின், டெசில் குளுக்கோசைடு ஆகியவை மென்மையானவை. சோடியம் லாரில் சல்ஃபேட் முதல் வரிசையில் இருந்தால் வறண்ட தோல்காரர்கள் வைத்துவிட்டு நகரலாம்.

இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். சோப்பு உறையில் டிஎஃப்எம் என்று ஒரு சதவீதம் இருக்கும், மொத்தக் கொழுப்பின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரச் சோப்புக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. டிஎஃப்எம் கூடினால் சோப்பு கரையாமல் நீடிக்கும், நிரப்புப் பொருள் குறைவு என்பது சரிதான். பிஎச்-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 76 போட்ட சோப்பும் 9-க்கு மேல்தான்.

அதேபோல் 'பிஎச் 5.5 உள்ள கைவினைச் சோப்பு' என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். ஆட்டுப்பாலோ குப்பைமேனியோ எது சேர்த்தாலும், சோப்பு என்பதே கொழுப்பு அமிலத்தின் கார உப்பு. அதை 5.5-க்கு இறக்கினால் அது சோப்பாக நிற்காது, கொழுப்பாகப் பிரிந்துவிடும். ஒன்று அது 5.5 இல்லை, அல்லது அது சோப்பு இல்லை.

இரண்டாம் படி: இரண்டு வாரம் கழித்தல் கணக்கு

புதிதாக எதையும் சேர்க்காமல், கீழே சொல்பவற்றை முழுதாக நிறுத்துங்கள்.

கிருமிநாசினிச் சோப்புகள் முதலில். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல் டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களைப் பொதுமக்களுக்கான சோப்புகளில் போடக் கூடாது என்றது. சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும்விட அவை கூடுதலாகக் காப்பாற்றுவதாகத் தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பதே காரணம். நம் வீடுகளில் இதைவிடப் பரவலான பழக்கம், குளிக்கும் வாளியில் ஒரு மூடி கிருமிநாசினித் திரவத்தை ஊற்றுவது. காயம் கழுவவும் தரை துடைக்கவும் செய்த சரக்கு அது. தினமும் உடம்பில் ஊற்றினால் அரிப்பும் வறட்சியும் வரும். அந்த அரிப்பைக் கிருமி என்று நினைத்து இன்னொரு மூடி ஊற்றுவார்கள்.

எலுமிச்சைச் சாறு. பிஎச் 2 பக்கம், 'அமிலம் நல்லது' என்பதற்கு இது பொருத்தமான உதாரணம் அல்ல. அதிலுள்ள ஃப்யூரோகூமரின்கள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கிக் கருந்தடம் விட்டுச் செல்லும். சமையல் சோடா எதிர்ப்பக்கம், பிஎச் 8-க்கு மேல். பருவின் மேல் பற்பசை வைப்பதும் இதே வகை.

கடலை மாவு, பாசிப்பயற்று மாவு, நலங்கு மாவை முழுக்க விட வேண்டியதில்லை. எண்ணெய் எடுக்க அவை நன்றாகவே உதவும். தினமும் முகத்தில் வைத்து வறட்டு வறட்டென்று தேய்ப்பதுதான் கெடுதல். வாரம் ஒருமுறை, மாவை நிறையத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, தேய்க்காமல் பூசி, காய்வதற்கு முன் கழுவுங்கள். 100 கிராமுக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள். ஈரக் கையை டப்பாவுக்குள் விட்டால் மழைக்காலத்தில் பத்தே நாளில் பூஞ்சை பிடிக்கும். முந்தைய நாள் குழைத்தது மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள். கற்றாழையும் அப்படியே: வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் எரிச்சல் தரும், அதை முழுதாக வடித்துக் கழுவி, உள்சோற்றை அன்றே பயன்படுத்த வேண்டும். தயிர் பூசினால் அதிலுள்ள பாக்டீரியா முகத்தில் குடியேறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவை பாலில் வாழப் பழகியவை. பத்து நிமிடக் குளிர்ச்சிக்கு மேல் அதில் கணக்கு வேண்டாம்.

நாரும் ஸ்கிரப்பும். பீர்க்கங்கூடானாலும் பிளாஸ்டிக் வலையானாலும், குளியலறை மூலையில் காயாமல் தொங்கும் நார் ஒரு வளர்ப்புத் தொட்டி. அதில் பெருகும் பாக்டீரியா மயிர்க்கால்களில் கொப்புளம் உண்டாக்கியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. வெயிலில் காயப்போட முடியாதென்றால் கையே போதும்.

மூன்றாம் படி: கழுவும் விதம்

முகத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை. இரவில் கிளென்சர் போட்டு, காலையில் வறண்ட தோலென்றால் வெறும் தண்ணீர். இரு விரலில் பட்டாணி அளவு எடுத்து, நனைந்த முகத்தில் 20 முதல் 30 நொடி விரல் நுனியால் சுழற்றி, தாடையோரமும் மூக்கோரமும் வழுக்கல் போகும்வரை அலசுங்கள். 'கிளென்சர் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்பவர்களில் பலருக்குப் பிரச்சினை தாடைக்கடியில் அலசாமல் விட்ட மிச்சம்தான்.

உடலில் கிளென்சர் வேண்டிய இடங்கள் அக்குள், தொடையிடுக்கு, பிட்டம், பாதம். கைகால்களுக்கும் வயிற்றுக்கும் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ பிசுக்கோ இல்லாத நாளில் தண்ணீரே போதும். சித்திரை வெயிலில் இரண்டு, மூன்று குளியல் தவிர்க்க முடியாது. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் கிளென்சர். 5 முதல் 10 நிமிடம், கையைச் சுடாத வெதுவெதுப்பு.

வியர்வை நாற்றத்துக்கும் இதே கணக்கு. அக்குள் சுரப்பு சுரக்கும்போது மணமற்றது. அதை அங்குள்ள பாக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் நாற்றம். அவற்றைத் தேய்த்து அழிக்கப் பார்த்தால் மயிர்க்கால்களில் ஒளிந்திருப்பவை சீக்கிரமே மறுபடி பெருகும். ஈரம் தங்காமல் உலர்த்துவதும் பனியனைத் தினம் மாற்றுவதும் நீடித்துப் பலன் தரும்.

கை கழுவுவதில் மட்டும் எந்தச் சலுகையும் இல்லை. சாப்பிடும் முன்பும் கழிப்பறைக்குப் பிறகும் சோப்பு போட்டு 20 நொடி. நுண்ணுயிர்களுக்கு நல்லது என்று யாரும் இதை விட்டுவிடக் கூடாது. கை வெடித்தால் கழுவியபின் கிரீம் தடவுங்கள், கழுவுவதைக் குறைக்காதீர்கள்.

போர் தண்ணீர் பற்றி. குழாயில் வெள்ளையாக உப்புப் படிகிற, சோப்பு நுரைக்காத தண்ணீரென்றால், அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகித் தோலிலேயே தங்கும். சிண்டெட்டில் இந்தப் பிசுக்கு உருவாகாது. உப்புத் தண்ணீர் ஊர்களில் சோப்பை மாற்ற இதுவே போதுமான காரணம். முகத்துக்குக் கடைசி ஒரு குவளை மட்டும் குடிதண்ணீரில் அலசலாம். வீட்டுக்கே மென்னீர்க் கருவி பொருத்தினால் தோல் நோய் போகும் என்று விற்பனையாளர் சொன்னால் நிதானியுங்கள். இங்கிலாந்தில் எக்சிமா உள்ள 336 குழந்தைகளிடம் நடந்து 2011-ல் வெளியான சோதனையில் அத்தகைய கருவியால் நோயில் கூடுதல் பலன் தெரியவில்லை.

நான்காம் படி: ஈரம் காயுமுன்

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் லேசாக நனைந்திருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர். கடலோர ஊர்க்காரர்களும் எண்ணெய் வழியும் முகத்துக்காரர்களும் ஜெல் அல்லது லோஷன். ஏசி அறையில் எட்டு மணி நேரம் உட்காருபவர்களும் ஊட்டி, கொடைக்கானல்காரர்களும் கிரீம். உறையில் கிளிசரின், செரமைடு, கொலஸ்ட்ரால், பெட்ரோலேட்டம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்கட்டும். குதிகால், முழங்கைக்கு 10 சதவீத யூரியா உள்ள கிரீம். 'வாசனையில்லை' என்று எழுதியிருப்பதற்கும் 'வாசனைப் பொருள் சேர்க்கப்படவில்லை' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னதில் வாசனையை மறைக்க இன்னொரு வாசனை சேர்த்திருக்கலாம்.

அளவில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனியில் தொடங்கி முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். பெரியவர் ஒருவரின் உடல் முழுக்க ஒருமுறை தடவ 30 கிராம்வரை ஆகும். 50 கிராம் கிரீம் ஆறு மாதம் வருகிறதென்றால் அது தடவப்படவே இல்லை. அதனால்தான் விலை குறைந்த பெரிய சீசா, விலை உயர்ந்த சின்னக் குப்பியைவிட மேல்.

பகலில் எஸ்பிஎஃப் 30-க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய இரண்டு கோடு, முகத்துக்கும் கழுத்துக்கும்.

எந்தப் புதுப் பொருளையும் முகத்துக்கு முன் முழங்கை உட்புறத்தில், காலையும் மாலையும் ஒரே இடத்தில் 7 முதல் 10 நாள் தடவிப் பாருங்கள். ஒருநாள் சோதனையில் ஒவ்வாமை பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது.

எண்ணெய்: எங்கே மருந்து, எங்கே தீனி

தேங்காயெண்ணெய் நல்லதா கெட்டதா என்று ஒரே பதில் கேட்டால் கிடைக்காது. இடத்தைச் சொல்ல வேண்டும்.

தலையில் பொடுகு இருந்தால் எண்ணெய் தீனி. மலசீசியாவுக்கு 11 கார்பனுக்கு மேல் நீளமான கொழுப்பு அமிலங்கள் உணவு. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி 12 கார்பன் லாரிக் அமிலம், நல்லெண்ணெயில் பெரும்பகுதி 18 கார்பன். இரண்டையுமே அது சாப்பிடும். பொடுகு உதிர்கிற தலையை 'வறட்சி' என்று எண்ணி இரவு முழுக்க எண்ணெய் ஊறவைப்பது அதற்கு விருந்து வைப்பதுதான். எண்ணெய் பூசியதும் செதில் படிந்து மறைவதால் குணமானதுபோல் தெரியும், அவ்வளவே. பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலைத்தோலுக்கு வைக்காமல் முடியின் நீளத்துக்கு மட்டும் பூசுங்கள். முடித் தண்டின் புரதம் கழுவலில் கரைந்து போகாமல் தேங்காயெண்ணெய் காப்பது உண்மை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட மனமில்லையென்றால் 20, 30 நிமிடத்தோடு அலசிவிடுங்கள். சீயக்காயும் அரப்பும் சபோனின் என்ற இயற்கை நுரைப்பொருளால் எண்ணெய் எடுப்பவை. சோப்பு போலக் காரம் ஏற்றாதவை. ஆனால் பொடுகுக்கு அவை மருந்தல்ல. 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இருமுறை, தலைத்தோலில் 5 நிமிடம் ஊறவிட்டு, நான்கு வாரம் போடுங்கள். போட்டதும் அலசிவிடுவதுதான் 'மருந்து ஷாம்பூவும் கேட்கவில்லை' என்பதன் வழக்கமான காரணம்.

பரு முகத்துக்கும் முதுகுக் குருவுக்கும் எண்ணெய் வேண்டாம்.

வறண்ட கைகாலுக்கு, கரப்பான் உள்ள தோலுக்கு, கதை மாறுகிறது. பிலிப்பைன்ஸில் நடந்து 2008-ல் வெளியான ஒப்பீட்டில், கரப்பான் உள்ளவர்களுக்குச் சுத்தமான தேங்காயெண்ணெய் பூசியபோது, ஆலிவ் எண்ணெயைவிடத் தோலிலிருந்த ஆரியஸ் பாக்டீரியா அதிகம் குறைந்தது. ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பரணைத் தளர்த்துகிறது என்று 2013-ல் இன்னொரு ஆய்வும் சொன்னது. குழந்தைக்கு விலை கொடுத்து ஆலிவ் எண்ணெய் வாங்கும் வீடுகள் கவனிக்க வேண்டிய இடம் இது. கடுகெண்ணெயும் பச்சைக் குழந்தைக்கு வேண்டாம்.

பிறந்த குழந்தையின் முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்மெழுகைத் தேய்த்து எடுக்கக் கூடாது. அது தோலுக்கான காப்பு. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும், பயற்று மாவால் தேய்ப்பதும் எந்தக் கணக்கிலும் சேராதவை. பாட்டிமாரிடம் இதைச் சொல்லிச் சமாளிப்பது தனிக் கலை.

'ப்ரோபயாட்டிக்' சீசா

கிரீம் கெடாமலிருக்கப் பதப்பொருள் போட்டே ஆக வேண்டும். பதப்பொருள் பாக்டீரியாவைக் கொல்லும். ஆகவே அறை வெப்பத்தில் இரண்டு வருடம் இருக்கும் கிரீமில் உயிருள்ள பாக்டீரியா இருக்க வழி குறைவு. பட்டியலைப் படித்தால் லாக்டோபாசிலஸ் ஃபெர்மெண்ட், பிஃபிடா ஃபெர்மெண்ட் லைசேட் என்று இருக்கும். லைசேட் என்றால் உடைக்கப்பட்ட செல்களின் சாறு. சிலருக்கு எரிச்சலைத் தணிக்கலாம். ஆனால் அது குடியேற்றம் அல்ல. இனுலின், ஆல்ஃபா குளுக்கன் போன்ற 'ப்ரீபயாட்டிக்'குகள் நுண்ணுயிர்களுக்கு உணவென்று சேர்க்கப்படுபவை. நல்ல பாக்டீரியா மட்டும் வந்து சாப்பிடும் என்று அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

உயிருள்ள பாக்டீரியாவை வைத்து மருத்துவம் செய்யும் முயற்சி நடக்காமல் இல்லை. ரோசியோமோனாஸ் மியூகோசா என்ற தோல் பாக்டீரியாவைக் கரப்பானில் தெளித்த அமெரிக்கச் சிறு ஆய்வு ஒன்று 2018-ல் நம்பிக்கை தந்தது. அதே வழியில் வந்த மருந்தின் பெரிய சோதனை 2021-ல் தோற்றது. ஆய்வுக்கூடத்திலேயே நிலை இப்படியிருக்க, கடைச் சீசாவுக்கு இருமடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. கிளிசரினும் செரமைடும் உள்ள நல்ல மாய்ஸ்சரைசராக அது இருந்து, விலையும் கட்டுப்படியானால் வாங்குங்கள், மற்றதை இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எது கெட்டுப்போகிறது, ஏன்

அந்த இரண்டு வாரக் கழித்தலுக்குப் பிறகும் பரு குறையவில்லையென்றால், அது நோய். அதற்கு மருந்து தேவை. நுண்ணுயிர் நலம் பேசி நோயை வளர்க்கக் கூடாது. பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதத்தில் தொடங்குங்கள். 10 சதவீதம் கூடுதல் பலன் தருவதில்லை, எரிச்சல்தான் கூடும். துண்டையும் தலையணை உறையையும் வெளுக்கும், வெள்ளைத் துணி பயன்படுத்துங்கள். கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் போட்டால் பாக்டீரியா எதிர்ப்புப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து, அடுத்ததற்கு இரண்டு வார இடைவெளி. இல்லையென்றால் எது எரித்தது என்றே தெரியாது.

நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில், கரும்புள்ளி இல்லாமல், அரிக்கும் குருக்கள் வந்தால் பரு என்று முடிவு கட்டாதீர்கள். மயிர்க்காலில் மலசீசியா பெருகியிருக்கலாம். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் போட்டிக்கு இருந்த பாக்டீரியா செத்து இது இன்னும் பெருகும். அதற்குப் பூஞ்சை மருந்துதான். தேமலும் இதே ஈஸ்ட்தான். மருந்து கேட்டுச் செதில் நின்றபிறகும் வெள்ளைத் தடம் மாதக்கணக்கில் இருக்கும். நிறம் திரும்ப அவ்வளவு காலம் ஆகும். தடம் இருக்கிறதே என்று மருந்தைத் தொடர வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அதிகக் கெடுதல் செய்வது, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் கலவை கிரீம்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ட்யூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. முகம் வெளுக்கவும் படர்தாமரைக்கும் இதைத்தான் போடுகிறார்கள். படர்தாமரையில் போட்டால் அரிப்பு இரண்டு நாளில் நிற்கும், பூஞ்சை உள்ளே பரவும், வட்டத்தின் ஓரம் மங்கி மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். இந்தியாவில் பரவி, 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிடப்பட்ட பூஞ்சை, வழக்கமான பூஞ்சை மருந்தான டெர்பினாஃபினுக்குப் பல நேரம் அடங்குவதில்லை. மாதக்கணக்கில் முகத்தில் ஸ்டீராய்டு போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். தோல் மருத்துவர் சொல்லும் முறைப்படி படிப்படியாக விட வேண்டும்.

துணிகளை மறக்காதீர்கள். ஆளுக்கொரு துண்டு, குளித்ததும் வெயிலில். தலையணை உறை வாரம் ஒருமுறை. காயாத உள்ளாடையை அவசரத்துக்கு அணிவது தொடையிடுக்குப் படர்தாமரைக்கு வாசல் திறப்பது.

தொடங்கும் நாளில் ஜன்னலோரம் ஒரே வெளிச்சத்தில் முகத்தைப் படமெடுத்து வையுங்கள், வாரம் ஒன்று. ஆறு வாரம் கழித்து முன்னேற்றம் இல்லையென்றால் அந்தப் படங்களோடும் பயன்படுத்திய எல்லா ட்யூப்களோடும் மருத்துவரிடம் போங்கள். இரவில் அரிப்பு கூடி, விரலிடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிகள் வந்து, வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பெர்மெத்ரின் 5 சதவீத கிரீமை, அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே முழுக்கப் பூசி, காலையில் குளித்து, அன்றே படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை.